மழைக்காலத்தில் பசுமைக்குடிலை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா?

செப்டம்பர் 14, 2024 – வாசகர் கேள்வி

அக்கா, நாங்கள் கனடாவில், வான்கூவர் பக்கம் லாங்லியில் இருக்கிறோம். கொல்லைப்புறத்தில் 8-க்கு 10 அடியில் பாலிகார்பனேட் குடில் போட்டு இது முதல் வருஷம். உள்ளே தக்காளி, மிளகாய், இரண்டு தொட்டியில் கறிவேப்பிலை. மழை ஆரம்பித்ததும் கதவையும் கூரை ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டேன். வெளி ஈரம் உள்ளே வரக்கூடாது என்றுதான். பத்தே நாளில் தக்காளித் தண்டில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. மழைக்கு ஒதுங்கத்தானே குடில்? மூடி வைத்தது சரிதானே?

செப்டம்பர் 14, இரவு

சரியில்லை. இதைப் படித்ததும் போய்த் திறந்துவிடுங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை. கூரை ஜன்னல் வழியாகச் செடிமேல் நேராகச் சொட்டினால் அதை மட்டும் பாதி சாத்திக்கொண்டு கதவை அகலத் திறந்து வையுங்கள். பஞ்சு படர்ந்த இடத்தைக் கையால் தடவ வேண்டாம், ஊதவும் வேண்டாம். அது முழுக்கப் பூஞ்சையின் விதைத்தூள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 15

நான் உங்கள் பக்கத்து ஊரான சர்ரேயில் குடில் வைத்து இது ஆறாவது இலையுதிர் காலம். முதல் இரண்டு வருஷமும் உங்களைப் போலவே மூடித்தான் வைத்தேன். இரண்டு வருஷமும் அக்டோபர் முதல் வாரத்துக்குள் தக்காளி முழுவதும் போய்விட்டது. மூன்றாம் வருஷம் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதிலிருந்துதான் விஷயம் புரிந்தது.

நம் குடிலுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 15 கன மீட்டர். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் குடில் மொத்தத்துக்கும் சுமார் 250 கிராம். கால் லிட்டர்! நான் செடிகளுக்குத் தினமும் 6 லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் பெரும்பகுதி வேர் வழியாக ஏறி இலை வழியாகக் காற்றுக்குத்தான் போகிறது. கால் லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் நாள் முழுக்க லிட்டர் லிட்டராக ஊற்றிவிட்டு மூடியையும் போட்டு அழுத்தினால் என்ன ஆகும்?

இரவில் 10 டிகிரிக்கு இறங்கினால் அதே கன மீட்டர் 9 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி 8 கிராம் வெளியே வந்தாக வேண்டும். குடில் முழுக்கக் கூட்டினால் 120 கிராம், ஒரு காபி டம்ளர் நிறைய. அது சுவரிலும் இலையிலும் பழத்திலும் துளித்துளியாக உட்கார்ந்துகொள்ளும். காலையில் கூரையிலிருந்து சொட்டுகிறதே, அது மழைநீர் இல்லை. நாம் ஊற்றிய நீர்.

வெளிக்காற்று அதைவிட ஈரம் அல்லவா என்று கேட்பீர்கள். மழை பெய்யும் 10 டிகிரி நாளில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டரில் 9 கிராமுக்கும் குறைவான நீர்தான். அதை உள்ளே விட்டு 15 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு வந்துவிடும். மேகமூட்டமான பகலில்கூடக் குடிலுக்குள் ஐந்து டிகிரி கூடுதலாக இருக்கும். அதாவது கொட்டும் மழையிலும் வெளிக்காற்றுதான் உங்கள் குடிலைக் காயவைக்கும். இதை என் ஈரமானியில் கண்ணால் பார்க்கும் வரை நானும் நம்பவில்லை.

செப்டம்பர் 18

இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அது சாம்பல் நோய்தான். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்தால் போகும்."

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் நான் ஒரு வருஷப் பயிரையே இழந்திருக்கிறேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் சாம்பல் நோய் என்று சொல்வது வேறு. இலைமேல் கோலமாவு தூவியது போல வெள்ளையாகப் படியும். பூசணிக்கும் வெண்டைக்கும் வருமே, அது. அதற்கு இலையில் நீர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, காய்ந்த இலையிலும் பரவும். பால் தெளிப்பதில் அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு.

உங்கள் தண்டில் இருப்பது சாம்பல் பூஞ்சை, பொட்ரைடிஸ். பழுப்புச் சாம்பல் நிறத்தில் எலியின் மயிர் மாதிரி இருக்கும். தட்டினால் புகை மாதிரி எழும்பும். இதற்குச் சில மணி நேரம் இலையிலோ தண்டிலோ ஈரம் நிற்க வேண்டும். 15 முதல் 20 டிகிரி என்றால் அதற்குக் கொண்டாட்டம். இங்கே செப்டம்பர் முழுக்க அந்த வெப்பநிலைதான். பெயரில் இரண்டிலும் சாம்பல் இருக்கிறதே என்று நான் அன்றைக்குப் பாலைக் கலந்து, மாலை ஆறு மணிக்கு, மூடிய குடிலுக்குள் எல்லாச் செடிக்கும் தெளித்தேன். மூன்று நாளில் தண்டோடு சாய்ந்துவிட்டன. ஈரத்தால் வரும் நோய்க்கு இன்னும் ஈரத்தை ஊற்றியிருக்கிறேன்.

எது எது என்று தெரியாவிட்டால் முதலில் ஒன்றும் தெளிக்காதீர்கள்.

செப்டம்பர் 22

இன்று பகலும் இரவும் சமம். இதற்கு அப்புறம் நாளுக்கு மூன்றரை நிமிஷம் பகல் குறையும். நாம் 49-ஆவது அட்சக்கோட்டில் இருக்கிறோம், டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். செடிக்கு இது தெரியாது. இன்னும் பூ விட்டுக்கொண்டே இருக்கும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ உதிரும் அல்லது பிடித்த பிஞ்சு அப்படியே நிற்கும். அதனால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நான் ஆகஸ்ட் கடைசியிலேயே கிள்ளிவிடுவேன். இப்போதும் தாமதமில்லை. பூங்கொத்துகளையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கவாத்து. பழுத்துக்கொண்டிருக்கும் குலைக்குக் கீழே இருக்கும் இலை அத்தனையும் போகட்டும். எடுக்கும் விதம்தான் முக்கியம். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி இரண்டு விரற்கடை காம்பை விட்டுவிட்டால் அந்த மொட்டைக் காம்பு அழுகும். பூஞ்சை அதன் வழியாகத்தான் தண்டுக்குள் போகும். என் செடிகளில் தண்டழுகல் வந்த இடத்திலெல்லாம் பார்த்தேன், பத்தில் எட்டு இடத்தில் நான் விட்ட காம்பு இருந்தது. இலைக்காம்பின் அடியில் கட்டை விரலை வைத்து மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை அசைத்தால் கணுவில் சுத்தமாக உடைந்து வரும். வெயில் இருக்கும் நாளில் காலை பத்து மணிக்கு மேல் செய்யுங்கள். மாலைக்குள் காயம் காய்ந்துவிடும். மழை நாளில் கவாத்தே வேண்டாம்.

பழத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த பூவிதழையும் தட்டிவிடுங்கள். பூஞ்சை முதலில் செத்த திசுவில்தான் காலூன்றும். அங்கே பலம் சேர்த்துக்கொண்டு உயிருள்ள இடத்துக்குப் போகும்.

செப்டம்பர் 23

"பச்சைக் காயில் வெளிறிய சிறு வளையங்கள் இருக்கின்றன. எறிந்துவிடவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். பூஞ்சை முளைத்து உள்ளே நுழையப் பார்த்து, நடுவில் காய்ந்த வெயில் வந்ததால் செத்துப்போன அடையாளம் அது. பேய்ப்புள்ளி என்பார்கள். பழம் அழுகாது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது ஒரு செய்தி. உங்கள் பழத்தில் இரவு முழுக்கப் பனி நின்றிருக்கிறது.

செப்டம்பர் 29

14-ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும். இரவும் பகலும் திறந்து வையுங்கள் என்ற பொருளில் எழுதிவிட்டேன். பகலுக்கு அது சரி. இரவுக்கு அரைகுறை.

இந்த வாரம் இரண்டு இரவு வானம் தெளிவாக இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தன. அதிகாலை நாலு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஈரப்பதம் வெளியே 97, உள்ளே 97. இலை முழுக்கப் பனி. நான் செய்த கணக்கு எல்லாம் உள்ளே சில டிகிரி கூடுதல் சூடு இருந்தால்தான் செல்லும். பகலில் அதை வெளிச்சம் தருகிறது, இரவில் யார் தருவது? அதோடு தெளிவான இரவில் இலை வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் காற்றைவிட இலை குளிர்ந்துவிடும். காற்றில் 97 சதவீதம் என்றால் இலைமேல் அது நூறைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது நான் செய்வது: ஒரு சிறிய ஃபேன், இரவு முழுக்க, செடிகளின் இடுப்பு உயரத்தில். நேராகச் செடிமேல் அடிக்காமல் சுவரை ஒட்டி ஓடட்டும். இலை லேசாக ஆடினால் போதும். காற்று நகர்ந்தால் இலையும் காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். இதற்கு ஆகும் மின்சாரம் ஒரு பல்புக்கு ஆவதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். மிக மோசமான நேரம் நடுஇரவு இல்லை, சூரியன் வந்த பிறகு வரும் ஒரு மணி நேரம். வெயில் பட்டதும் காற்று சட்டென்று சூடாகிறது, இலை நீராவியை விட ஆரம்பிக்கிறது. ஆனால் பழம் கனமானது, அது இரவுக் குளிரிலேயே இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வியர்ப்பது போலப் பழம் வியர்க்கும். வணிகப் பசுமைக்குடில்களில் விடியுமுன்பே மெதுவாகச் சூடேற்ற ஆரம்பிப்பது இதற்காகத்தான். நான் 1500 வாட் மின்சூடேற்றியில் டைமர் வைத்து காலை ஐந்திலிருந்து எட்டு வரை ஓடவிடுகிறேன். கூரை ஜன்னல் நாலு விரற்கடை திறந்திருக்கும். சூட்டையும் போட்டு ஜன்னலையும் திறப்பதா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம், இரண்டும் சேர்ந்தால்தான் ஈரம் வெளியே போகும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பாதிப் பலன்கூட இல்லை.

மூன்று மணி நேரம் என்றால் நாளுக்கு நாலரை யூனிட். தக்காளிக்கு இவ்வளவு செலவா என்று தோன்றினால் நியாயம்தான். நான் ஒரு மாதத்துக்கு மட்டும் செய்கிறேன்.

அக்டோபர் 2

"பார்பிக்யூ சிலிண்டரில் ஓடும் புரொப்பேன் அடுப்பு சும்மா கிடக்கிறது. அதைக் குடிலுக்குள் வைக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். புரொப்பேன் எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ நீர். அந்த 9 கிலோ சிலிண்டர் முழுக்க எரிந்தால் 15 லிட்டர் நீரைக் குடிலுக்குள் ஆவியாக விட்டதாகும். மண்ணெண்ணெயும் அப்படித்தான், லிட்டருக்கு லிட்டர். நான் இரண்டாம் வருஷம் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தேன். காலையில் சுவரெல்லாம் அருவி மாதிரி வழிந்தது. சூடு இருக்கிறதே, ஈரம் எங்கிருந்து என்று ஒரு வாரம் விளங்கவில்லை. சரியாக எரியாத அடுப்பு எத்திலீன் என்ற, காயைப் பழுக்க வைக்கும் வாயுவையும் விடும், பூ உதிர்ந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலே கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. மூடிய சின்ன இடத்துக்குள் நீங்களோ குழந்தைகளோ நுழைவீர்கள். மின்சூடேற்றி வையுங்கள், மின்கசிவு வந்தால் தானாக அணையும் பிளக்கில் மட்டும்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் பயன்படுத்தும் கம்பிரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே திணறும், சுருளில் பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும். குளிரில் வேலை செய்வது உலர்த்துபொருள் வகை. விலை அதிகம். நான் வாங்கவில்லை.

அக்டோபர் 6

கொஞ்சம் வேறு கதை. ஆனால் இதே கதைதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் குடில் வைத்திருக்கிறார். உள்ளே நான்கு கஞ்சாச் செடி. யாரும் பதற வேண்டாம், 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் இது சட்டப்படி சரி. நம் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 19 வயது ஆனவர்கள், ஒரு வீட்டுக்கு நான்கு செடி, தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடாது. அவருக்கு மூட்டுவலி. எனக்கு அந்தச் செடியில் வேலையில்லை. ஆனால் சாம்பல் பூஞ்சையைப் பற்றி எனக்கு முதலில் கண்ணைத் திறந்தவர் அவர்தான்.

அந்தச் செடி பகல் குறைந்தால்தான் பூக்கும். அதனால் அதன் பூ முற்றுவதும் இங்கே மழை பிடிப்பதும் சரியாக ஒரே நேரம், அக்டோபர். பூ ஒன்றோடொன்று அடைத்துக்கொண்டு கட்டியாக இருக்கும். நடுவில் காற்றே போகாது. பூஞ்சை உள்ளிருந்துதான் தொடங்கும், வெளியே பார்த்தால் பச்சையாக, நன்றாக இருக்கும். கொத்தில் ஒரு சிறு இலை மட்டும் காரணமில்லாமல் மஞ்சளாகி வாடியிருக்கும். அதை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும், பிளந்து பார்த்தால் உள்ளே பழுப்பாகத் தூள். அவர் தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஓர் இலையைத் தேடுவார். பூஞ்சை பிடித்த கொத்தை ஒரு காகிதப் பையால் மூடிக்கொண்டு பையோடு சேர்த்து வெட்டுவார், தூள் பறக்காமல் இருக்க.

அந்தப் பை வித்தையை நான் தக்காளிக்கு எடுத்துக்கொண்டேன். பூஞ்சை பிடித்த பழத்தை, இலையை, பையில் மூடித்தான் பறிக்கிறேன். எடுத்த பிறகு கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடி.

இந்த வருஷம் அவர் நான்கில் ஒன்றை முழுக்க எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். "பூஞ்சை பிடித்ததைப் புகைத்தால் நுரையீரலுக்குப் போகும்" என்றார். பாதியைக் காப்பாற்றலாமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் செய்ததுதான் சரி.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. மண்வெட்டி, கத்தரிக்கோல், பூவாளியோடு ஈரமானிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கத்தரிக்கோலை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நீங்களும் துடையுங்கள், நோய் ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு அதில் ஏறியும் போகும்.

அக்டோபர் 13

இங்கே பக்கத்தில் டெல்டா என்ற ஊரிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். வெளியே மண்ணில் நட்ட தக்காளி. இலை ஓரத்தில் எண்ணெய் ஊறியது போன்ற கறை, தண்டில் கரும்பழுப்புப் பட்டை, காயில் செம்பழுப்பாகக் கெட்டியான அழுகல். இது சாம்பல் பூஞ்சை இல்லை. பின்கருகல்.

இதை எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. நான் கோத்தகிரிக்காரி. அப்பா உருளைக்கிழங்கு போடுவார். மூன்று நாள் மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். காலையில் தோட்டத்துக்குள் இறங்கும் முன்பே ஒரு வாடை வரும், அழுகலும் மண்ணும் கலந்த வாடை. அது வந்தால் அந்த வருஷம் முடிந்தது. 1845-இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதே கிருமிதான். ஒரு வாரத்துக்குள் வயல் முழுக்கக் கருகும்.

அப்பா போர்டோ கலவை அடிப்பார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுவார். அப்புறம் சூரிக்கத்தியை முக்கி எடுத்துப் பார்ப்பார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்லும் வேலை என்னுடையது. கருகல் வந்த பிறகு அடித்துப் பயனில்லை, வருமுன் அடிக்க வேண்டும் என்பார்.

இங்கே அப்படி நாமே கலந்து அடிக்க நினைக்காதீர்கள். பூஞ்சைக்கொல்லி எதுவானாலும் அரசுப் பதிவு எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும், லேபிளில் தக்காளி என்று இருக்க வேண்டும். ஆனால் டெல்டா அன்பருக்கு அதுவும் இப்போது பயன்படாது. செடியைப் பிடுங்கிக் கறுப்புப் பையில் கட்டிவிடுங்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தால் தோண்டும்போது ஒரு கிழங்கைக்கூட மண்ணில் விடாதீர்கள். உயிருள்ள கிழங்குக்குள்தான் அது குளிர்காலத்தைக் கழிக்கும்.

குடிலுக்குள் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். கருகலின் வித்து காற்றிலும் மழையிலும் வரும், ஆனால் முளைக்க நனைந்த இலை வேண்டும். கூரை இருப்பதால் மழை இலையில் படுவதில்லை. உள்ளே பனி நிற்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். என் வெளிச்செடிகள் மூன்று தடவை கருகியிருக்கின்றன. குடிலுக்குள் இதுவரை ஒரு தடவைகூட இல்லை.

அக்டோபர் 20

நேற்றைய மழையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மாகாணத் தேர்தல் நாள். குடையும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம், உள்ளாடைவரை நனைந்துவிட்டது. கடலிலிருந்து நீளமாக வரும் ஈரக்காற்றுப் பட்டையை வானத்தில் ஓடும் ஆறு என்று வானிலைக்காரர்கள் சொல்வதன் அர்த்தம் அப்படி நின்று பார்த்தால்தான் புரிகிறது.

திரும்பி வந்து குடிலைப் பார்த்தால் தரையில் இரண்டு அங்குலத் தண்ணீர். மேப்பிள் சருகு விழுந்து கூரைத் தாழ்வாரத்தின் வடிகுழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. வழிந்த நீர் அடிச்சட்டத்துக்குக் கீழே புகுந்து உள்ளே வந்திருக்கிறது. இரவெல்லாம் ஃபேனும் சூடேற்றியும் ஓடியும் ஈரமானி 96-ஐ விட்டு அசையவில்லை. (பிளக் இடுப்பு உயரத்தில் இருந்ததால் பயமில்லாமல் ஓட்டினேன். தரையில் வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.)

இதனால் செப்டம்பர் 15-ஆம் தேதிக் கணக்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும். நான் ஊற்றும் 6 லிட்டரை மட்டும் கணக்கில் எடுத்தேன். தரை மண்ணை மறந்துவிட்டேன். ஈர மண்ணும் ஓயாமல் ஆவி விடும். வெளியே நிலத்தடி நீர் ஏற ஏற, நான் ஒரு சொட்டு ஊற்றாவிட்டாலும் குடில் ஈரமாகத்தான் இருக்கும். இன்று வழியில் தேங்கிய நீரை வாளியால் மொண்டு வெளியே ஊற்றினேன். நடைபாதையில் கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே ஜல்லி கொட்டினோம். வெளியே சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். இதை ஜூலையிலேயே செய்திருக்க வேண்டும். லாங்லி தம்பி, உங்கள் தாழ்வாரத்தை இன்றைக்கே பாருங்கள்.

அக்டோபர் 22

ஜல்லி போட்டதற்குப் பிறகு காலை ஈரப்பதம் 84. பகலில் 68.

அக்டோபர் 24

தக்காளியை விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். செடி இன்னும் பச்சையாக இருக்கிறது, மனசு வரவில்லை, ஆனால் வெப்பநிலையைப் பார்த்தால் இரவு 7, பகல் 12. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் 10 டிகிரிக்குப் பக்கத்தில் உருவாகவே உருவாகாது. செடியில் விட்டு வைத்தால் பழுக்காது, குளிர்பட்டு ருசியும் கெடும், கடைசியில் பூஞ்சைக்குத்தான் போய்ச் சேரும்.

செங்காயாகப் பறியுங்கள். நுனியில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தாலே போதும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் செடியிலிருந்து பழத்துக்குப் போவது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குள் 20 டிகிரியில் பழுத்தாலும் ருசியில் வித்தியாசம் தெரியாது. செடியில் பழுத்ததுதான் ருசி என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த நான் போன வருஷம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

முற்றிய பச்சைக் காயை அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். கூடவே ஒரு வாழைப்பழம். அதிலிருந்து வரும் எத்திலீன் பழுக்க வைக்கும், ஊரில் வைக்கோலில் பொதிந்து வைப்பது போலத்தான். வெயில் வேண்டாம், ஜன்னலோரம் வைக்கும் பழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை பெட்டியைப் பாருங்கள், அழுகிய ஒன்று பக்கத்தில் இருக்கும் நாலைக் கெடுக்கும்.

முற்றாத பிஞ்சு பழுக்காது. அதைப் பச்சைத் தக்காளித் தொக்காகச் செய்துவிடுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெல்லம். புளி வேண்டாம், காயிலேயே இருக்கிறது. எனக்கு ஐந்து பாட்டில் வந்தது.

நவம்பர் 1

நேற்று தீபாவளி. தூறலில் நனைந்த மத்தாப்பு பாதி எரியவில்லை. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன் குடிலுக்குப் போய் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டியையும் வீட்டுக்குள் தூக்கி வந்தோம்.

இதைப் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இரவு 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து போனால் கறிவேப்பிலையை உள்ளே எடுத்துவிட வேண்டும். உள்ளே வந்ததும் இலை மஞ்சளாகி உதிரும், பயப்படாதீர்கள், அது செத்துவிடவில்லை. தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த தடவை. குளிர்காலத்தில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் குளிரால் இல்லை, இலையில்லாத செடிக்குப் பாசத்தில் ஊற்றும் தண்ணீரால்தான். தூக்கி வருமுன் இலைக்கு அடியில் செதில்பூச்சி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நவம்பர் 4 – லாங்லி வாசகர்

அக்கா, கதவைத் திறந்த பிறகு புதிதாக எதுவும் பரவவில்லை. மூன்று செடி போய்விட்டது. மற்ற ஐந்தும் பிழைத்தன. தாழ்வாரத்தில் ஒரு கூடை சருகு இருந்தது. பெட்டியில் 40 காய் பழுத்துக்கொண்டிருக்கிறது. மிளகாய் இன்னும் காய்க்கிறது, அதை என்ன செய்வது? குடிலை இனி மூடலாமா?

நவம்பர் 4, மாலை

ஐந்து பிழைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

மிளகாயில் திடமான ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் உயரத்துக்கு மொட்டையாகக் கவாத்து செய்து, சின்னத் தொட்டிக்கு மாற்றி, 12 முதல் 15 டிகிரி இருக்கும் அறையில் வையுங்கள். வண்டி நிறுத்தும் கொட்டகையில் ஜன்னல் இருந்தால் போதும். மாதம் இரண்டு தடவை நீர். மார்ச்சில் துளிர்க்கும், விதை போட்டு வரும் செடியைவிட இரண்டு மாதம் முந்திக் காய்க்கும். என்னிடம் இருக்கும் ஒரு செடிக்கு இது நாலாவது வருஷம், அடித்தண்டு மரம் மாதிரி ஆகிவிட்டது.

குடிலை மூடுவதற்கு முன் காலி செய்யுங்கள். தண்டு, இலை, கட்டிய சணல் கயிறு எல்லாம் பையில் போகட்டும், உரக்குழியில் போட வேண்டாம். பூஞ்சை கறுப்பாக மிளகு அளவில் கெட்டியான உருண்டைகளை விட்டுவிட்டுப் போகும், அவை குளிர்காலத்தைத் தாங்கும். சட்டம், மூலை, தொட்டி எல்லாவற்றையும் சோப்புநீரில் தேய்த்துக் கழுவுங்கள். பாலிகார்பனேட்டின் வெளிப்பக்கம் பாசி பிடித்திருக்கும், மெத்தென்ற துணியால் துடையுங்கள். பிரஷ் கீறிவிடும்.

அப்புறம் மூடலாம். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கட்டாயம் மூடுங்கள். கதவு திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரைத் தகட்டையே பிடுங்கிக்கொண்டு போகும். இதையும் நான் செப்டம்பரில் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 10

இன்று என் குடிலைக் கழுவி முடித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் தன்னுடையதைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மீதி மூன்று செடியிலும் அறுத்த பூ நல்லபடியாகக் காய்ந்துவிட்டதாம். வேலிமேல் ஒரு பாட்டில் தொக்கு கொடுத்தேன். போன வருஷம் காரம் என்று சொன்னவர், இந்தத் தடவை இரண்டு பாட்டில் கேட்டார்.